மோட்ஸ்பர் பார்க், ஏழாம் நம்பர் வீடு

லண்டனுக்குத் தென்மேற்கே மோட்ஸ்பர் பார்க் என்றொரு புறநகர்ப் பகுதி இருக்கிறது. நான் அங்கே போனதில்லை. ஆனால் அங்கேதான் குடியிருக்கிறேன். அபுதாபிக்கு மேற்கே ருவைஸிலிருந்து சவூதி எல்லையைப் பார்த்துப் போகிற நெடுஞ்சாலையில், சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கிகள் முதுகுக்குப் பின்னால் மறைகிற இடத்தில் இடப்பக்கம் திரும்பவேண்டும். போர்டு வைத்திருக்கிறது. போர்டுக்குக் கீழே ஒட்டகம் நின்றால் கொஞ்சம் பொறுத்துப் போகவேண்டும். அது ஏன் நிற்கிறது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இதைக் கட்டியவர் முஆத். எங்களுக்கெல்லாம் கஃபீல், அதாவது விசா கொடுத்து வைத்திருக்கிற முதலாளி. வாலிபத்தில் இங்கிலாந்துக்குப் படிக்கப் போனார். மோட்ஸ்பர் பார்க்கில் மிசஸ் டிப்பெட் என்ற அம்மாள் வீட்டு மாடியில், பின்பக்கத்து அறையில் வாடகைக்கு இருந்தார். படிப்பு மனதில் நின்றதா என்று தெரியாது. தெரு நின்றுவிட்டது. ஊர் திரும்பி, கிரேன்களை வாடகைக்கு விட்டுப் பெரிய ஆளாகிவிட்டார். அந்த நிலைமைக்கு வந்தவர்கள் ராஜாளி வாங்குவார்கள், குதிரை வாங்குவார்கள். இவர் அந்தத் தெருவை விலைக்குக் கேட்டார். அதில் ஆட்கள் குடியிருந்தபடியால் கொடுக்க மறுத்துவிட்டார்களாம். சரி என்று அதே தெருவை மணலில் கட்டிக்கொண்டார்.

வீடுகள் இரண்டிரண்டாக ஒட்டிப் பிறந்தவை. நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் ‘நூறு’ என்பார்கள். சிவப்பு ஓடு, ஓட்டின் மேல் புகைபோக்கி, அதற்குக் கீழே கூடத்தில் குளிர்காயக் கணப்பு. என் வீட்டுக் கணப்பில் ஊறுகாய் ஜாடியை வைத்திருக்கிறேன். ஆகஸ்டில் வைத்தால் மறுநாளே ஊறிவிடும். குளியலறையில் கம்பளம். கை கழுவ இரண்டு தனித்தனிக் குழாய்கள். ஒன்றில் சுடுதண்ணீர், இன்னொன்றில் அதைவிடச் சுடுதண்ணீர்.

இங்கிலீஷ் வானம் சாம்பல் நிறம் என்பதால் தெருவுக்கு மேலே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் சாம்பல் வலை கட்டினார்கள். வலையில் குழாய் ஓடியது. நினைத்தாற்போல் தூறல் விழும். கொஞ்ச நாளில் எல்லோருக்கும் குடை பழகிவிட்டது. அபுதாபிக்குப் போகிறவன்கூடக் குடையோடுதான் பஸ் ஏறினான். உச்சிவெயிலில் மடக்கிய குடையோடு இறங்குகிறவனைப் பார்த்தால் அங்கே டாக்சிக்காரர்கள், “மோட்ஸ்பர் பார்க்கா?” என்று கேட்டு மரியாதையாகக் கதவைத் திறந்துவிடுவார்கள்.

தெருமுனையில் ஒரு ரயில்வே கேட். அசல் ஊரில் ஸ்டேஷனை ஒட்டி அப்படி ஒன்று இருக்கிறதாம். முஆத் காலேஜுக்குத் தாமதமாகப் போனதற்கெல்லாம் அதுதான் காரணமாம். ஆகவே இங்கேயும் வைத்தார். தண்டவாளம் கிடையாது, ரயில் கிடையாது. மணி அடிக்கும், சிவப்பு விளக்கு மினுங்கும், கட்டை இறங்கும். எல்லோரும் நிற்போம். ரயில் போகிற நேரம் ஆனதும் கட்டை ஏறும். முதலில் சிரித்தவர்கள் உண்டு. பழகியபிறகு, கட்டை சீக்கிரம் ஏறிவிட்டால், “இன்னிக்கு கூட்ஸ் இல்லபோல” என்று நாங்களே சொல்லிக்கொண்டோம். பக்கத்துப் பண்ணை ஒட்டகங்களும் பழகிக்கொண்டன. கட்டை ஏறினாலொழிய அவை கடப்பதில்லை. இப்போது போர்டைக் கண்டாலே நின்றுவிடுகின்றன.

தெரு தயாரானதும் முஆத் குடியிருக்க ஆள் தேடினார். ஆலையில் வேலைபார்க்கும் இங்கிலீஷ்காரர்களைக் குடும்பத்தோடு அழைத்துவந்து காட்டினார். அவர்கள் காரிலிருந்து இறங்கினார்கள். தூறல் விழுந்தது. ஒரு பெண் அழுதேவிட்டாள். ஊர் ஞாபகத்தில் அழுகிறாள் என்று முஆத் சந்தோஷப்பட்டார். அவளுடைய கணவர், “சார், இதிலிருந்து தப்பிக்கத்தானே நாங்கள் இங்கே வந்தோம்?” என்று சொல்லிவிட்டுக் காரைத் திருப்பினார்.

ஆள் இல்லாத தெரு தெருவாகாது. அதனால் முஆத் தம்முடைய லேபர் கேம்ப்பிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து வீடுகளில் வைத்தார். ஐந்தாம் நம்பர் அவருக்கு. அது மிசஸ் டிப்பெட் வீட்டின் நகல். வாரக் கடைசியில் வந்து, மாடியில் பின்பக்கத்து அறையில், காலை மடக்கினால்தான் கொள்ளுகிற கட்டிலில் படுத்துத் தூங்கிவிட்டுப் போவார். ஒன்பதாம் நம்பர் எனக்கு. என் பெயர் மக்தூம், கீழக்கரைக்காரன். ருவைஸில் மளிகைக் கடை வைத்திருந்தேன். கடையை மருமகனிடம் விட்டபிறகு இங்கே ‘ஓய்வு பெற்ற கனவான்’ வேலை கிடைத்தது. தாடி வெள்ளை, ஆளும் கொஞ்சம் சிவப்பு, தூரத்திலிருந்து பார்த்தால் போதும் என்றார்கள். ஊரில் என் மனைவி ஹாலிதா விஷயத்தைக் கேட்டுவிட்டு, “வெள்ளக்காரனா நிக்கிறதுக்குச் சம்பளமா? அப்ப அங்கேயே நில்லுங்க” என்று போனில் வாழ்த்தினாள்.

தெருவை நடத்துகிற பொறுப்பு அருணாவிடம். கோயம்புத்தூர்ப் பெண், முஆத்தின் ஆபீஸில் மேனேஜர். அவளும் இங்கிலாந்தைப் பார்த்ததில்லை. முஆத் சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் மனப்பாடம் செய்திருந்தாள்.

“அங்கிள், வாசல்ல சேர் போட்டு உக்காரக்கூடாதுங்க. முன்னால துணி காயப்போடக்கூடாது. ஞாயித்துக்கிழமை காரைக் கழுவோணும்.”

“எனக்குக் கார் இல்லையேம்மா.”

“வாளியும் துணியும் எடுத்துட்டு வெளிய வந்து நின்னீங்கன்னாப் போதும். புதுசா யாராச்சும் தெருவுல வந்தா சன்னல் திரையை லேசா விலக்கிப் பாக்கோணும்.”

“பாத்துட்டு?”

“பாத்துட்டு மூடிரோணும். அவ்வளவுதாங்க. பக்கத்து வீட்டுக்காரங்க எதுக்க வந்தா வெயிலு, மழை, காத்து இதைப் பத்தி மட்டும் பேசலாம். சாயங்காலம் நாயைக் கூட்டிட்டு ஒரு நடை.”

“நாயா? அஞ்சு நேரம் தொழுவுறவன்மா நான்.”

“பெரியவங்கன்னா நாயோடதான் நடப்பாங்களாமுங்க. பாஸ் கண்டிப்பாச் சொல்லிட்டாரு.”

கடைசியில் நாய்ச் சங்கிலி மட்டும் பிடித்துக்கொண்டு நடப்பது என்று பேசி முடித்தோம். யாராவது கேட்டால் நாய் வேலிக்குள் போயிருக்கிறது என்று சொல்லவேண்டும். ஒருநாள் தெருவைப் பார்க்க வந்த குடும்பத்தில் ஒரு சின்னப் பெண் கேட்டாள். சொன்னேன். அவள் வேலிக்கடியில் ஒரு பிஸ்கட்டை வைத்துவிட்டுப் போனாள். காலையில் பார்த்தால் பிஸ்கட் இல்லை. அன்றிலிருந்து அந்த வேலிப் பக்கம் நானும் சூதானமாகத்தான் நடக்கிறேன்.

வேலியை வளர்த்தவன் முனியசாமி. கமுதிப் பக்கத்தான், தோட்ட வேலைக்கு காண்ட்ராக்டில் வந்தவன். கப்பலில் வந்த இங்கிலீஷ் வேலிச்செடி வைக்க வைக்கக் கருகிப்போனது. இவன் யாரிடமும் கேட்காமல் மருதாணிக் குச்சியை ஊன்றிவிட்டான். ஆள் உயரத்துக்கு வந்ததும் பெட்டி மாதிரி வெட்டி நிறுத்தினான். முஆத் தடவிப் பார்த்து, “சேம் சேம்” என்றார். வெட்டிய இலை வீணாகக்கூடாது என்று கேம்ப் ஆட்கள் அரைத்து வைத்துக்கொண்டதில், கிரேன் ஓட்டுகிறவன்வரைக்கும் அந்தப் பெருநாளுக்கு உள்ளங்கை சிவந்திருந்தது.

எல்லாம் அமைந்தும் முஆத்துக்கு ஒரு குறை. “பாய், இது தெரு மாதிரி இல்லை. கேம்ப் மாதிரி இருக்கிறது” என்றார் என்னிடம். அவர் இந்தியும் அரபியும் கலந்து பேசுவதை நான் தமிழில் தருகிறேன்.

“எல்லாம் ஆம்பிளைங்க. அதான்” என்றேன்.

உடனே அருணாவைக் கூப்பிட்டு, யாராவது மனைவியை விசிட் விசாவில் வரவழைத்தால் செலவு தம்முடையது என்று அறிவித்தார். யாருக்கு என்று சண்டையே நடந்திருக்கும் என்று நினைப்பீர்கள். ஒருத்தர் வீட்டிலும் கிளம்ப முடியவில்லை. ஒருத்திக்குப் பிள்ளை பரீட்சை, ஒருத்திக்கு மாமியார் முழங்கால், ஒருத்திக்குச் சினை ஆடு. முனியசாமியின் மனைவி ராக்கம்மா மட்டும், “டிக்கெட்ட அனுப்புங்க” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாளாம். அவர்களுக்குக் கல்யாணமாகிப் பல வருடம். பிள்ளை இல்லை. அதற்குப் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே ஊரில் இருந்தாக வேண்டும் என்பது சொந்தக்காரர்கள் பலருக்கு நினைவில் இருப்பதில்லை. ராக்கம்மாவிடம்தான் கேட்பார்கள்.

ஏழாம் நம்பரைக் கொடுத்தார்கள். எனக்கும் அவர்களுக்கும் ஒரே சுவர். ஒட்டுக்கேட்டேன் என்று சொல்லாதீர்கள். காது இருந்தது, கேட்டது.

முனியசாமிக்குக் கேம்ப் பழக்கம் போகவில்லை. கட்டில்தான் வீடு. அதில்தான் தின்பான், அதற்கடியில்தான் பெட்டி, பெட்டிக்குப் பூட்டு. விடிந்ததும் துண்டும் வாளியுமாகக் குளியலறை வாசலில் போய் நிற்பான்.

“உள்ள யாரு இருக்கா?” என்று ராக்கம்மா கேட்பாள்.

“யாருமில்ல.”

“பெறகு யாருக்கு நிக்கிறீக?”

“வரிசை... இல்ல, சும்மாதான்.”

அதைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று இருந்தது. எத்தனையோ வருடமாகப் போனிலேயே குடும்பம் நடத்தியவர்கள். நேரில் முகத்தைப் பார்த்ததும் இருவருக்கும் பேச்சு வரவில்லை. அவள் கீழே சமையலறையில் இருப்பாள், இவன் மாடியில் கட்டிலில். சற்று நேரம் சத்தமே இருக்காது. பிறகு அவளுடைய போன் அடிக்கும்.

“சாப்ட்டியா?”

“சாப்ட்டேன். நீங்க?”

“ஆச்சு. ஊர்ல மழை உண்டா?”

“நான் இங்கிட்டுல்ல இருக்கேன்.”

“ஆமால்ல.” கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம். “சரி, வச்சிரவா? கார்டு தீந்துரும்.”

இப்படியே பல நாள். ஒருநாள் டவர் பழுதாகி அந்த வட்டாரத்திலேயே சிக்னல் இல்லாமல் போய்விட்டது. வேறு வழியில்லாமல் முனியசாமி படியிறங்கி வந்தான். சாயங்காலத்துக்குள் இருவரும் ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்காகச் சுவர் அதிரச் சண்டை போட்டார்கள். நான் இந்தப் பக்கம் நிம்மதியாகத் தேநீர் குடித்தேன்.

வீட்டுக்குள் சரியாகிவிட்டது. ராக்கம்மாவுக்குத் தெருதான் பிடிபடவில்லை. மாலையில் நான் சங்கிலியோடு போகும்போது வேலிக்கு மேலே தலை தெரியும்.

“இன்னிக்கு வெயிலு, பாய்.”

“ஆமாம்மா. நேத்தும் வெயில்.”

“நாளைக்கு?”

“வெயிலாத்தான் இருக்கும்.”

இந்தப் பேச்சு சில வாரம் ஓடியது. அப்புறம் ஒருநாள் அவள் வெடித்துவிட்டாள். “என்ன பாய் ஊரு இது? அடுத்த வீட்டுல என்ன கொழம்புன்னு தெரியாம எப்புடிப் பொழைக்கிறது? நான் செத்துக் கெடந்தாலும் வந்து வெயிலப் பத்தித்தான் கேப்பீகளா?”

பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பைக் கொண்டுவந்து வேலிக்கு மேலே நீட்டினாள். கனவான் என்கிற முறையில் நான் மறுத்திருக்கவேண்டும். பாதிக் கிண்ணம் தீர்ந்தபிறகுதான் அது நினைவுக்கு வந்தது. அதற்குள் அருணா பார்த்துவிட்டாள்.

“அக்கா, இது அங்க நடக்காத விஷயமுங்க. அடுத்த வீட்டுக்குச் சோறு குடுக்கற பழக்கமே கிடையாதாம். பாஸ் பாத்தா உங்க விசாவை நீட்டிக்கமாட்டாரு. எம்மேல கோவிச்சுக்காதீங்க.”

“குடுக்காட்டி எப்புடி வாங்குவாங்க?” என்றாள் ராக்கம்மா. அருணாவிடம் அதற்கு விதி எதுவும் இல்லை. அன்று மதியம் அவளும் சாப்பிடாமல்தான் வந்திருந்தாள் என்பது, கிண்ணத்தை அவள் பார்த்த பார்வையில் தெரிந்தது.

குளிர்காலம் வந்தது. முஆத் எங்களையெல்லாம் ஐந்தாம் நம்பர் வாசலில் கூட்டினார். முகத்தில் பரீட்சைக்குப் போகிறவனின் வெளிறல்.

“மிசஸ் டிப்பெட் வருகிறார்கள். டிக்கெட் அனுப்பிவிட்டேன். இந்தத் தெருவைப் பார்த்து, இதுதான் என் தெரு என்று அவர்கள் சொன்னால், இது இருக்கும், நீங்களும் இருப்பீர்கள். இல்லை என்று சொன்னால் கலாஸ், அவ்வளவுதான். இடித்துவிட்டுக் கிரேன் நிறுத்துவேன். எல்லோரும் கேம்ப்புக்கு. குடும்பம் ஊருக்கு.”

குடும்பம் என்றால் ராக்கம்மா ஒருத்திதான்.

அன்று மாலை நானும் முனியசாமியும் ரயில்வே கேட்டில் நின்றோம். கட்டை இறங்கியிருந்தது. எங்களுக்கு முன்னால் இரண்டு ஒட்டகம்.

“பாய், அந்தக் கெழவி சரியில்லைன்னு சொல்லிட்டா?”

“சொல்லமாட்டா. எல்லாம் அச்சுப் பிசகாம இருக்குல்ல.”

“இல்ல பாய், இப்பத்தான் அவ எம்மேல கோவப்படவே ஆரம்பிச்சிருக்கா. போன்ல இத்தன வருசத்துல ஒருநாக்கூடக் கோவப்பட்டதில்ல. கார்டு தீந்துரும்னு எல்லாத்தையும் முழுங்கிருக்கா. நேத்துத்தான் தங்கச்சி கல்யாணத்துக்கு நான் வராததுக்குத் திட்டுனா. அது நடந்து எம்புட்டு வருசமாச்சு. இன்னும் நெறைய வச்சிருக்கா பாய். எல்லாத்தையும் கேக்கணும்னு இருக்கு.”

கட்டை ஏறியது. ஒட்டகங்கள் போனபிறகும் அவன் நகரவில்லை.

மிசஸ் டிப்பெட் வந்தாள். மெலிந்த கிழவி, கைத்தடி, நீல நிற ஸ்வெட்டர். முஆத் கார்க்கதவைத் திறந்துவிட்டு ஒரு பையனைப் போலப் பின்னால் நடந்தார். தெரு அன்று தவறே செய்யவில்லை. தூறல் நேரத்துக்கு விழுந்தது. ஒருவன் வேலி வெட்டினான். எல்லாச் சன்னல்களிலும் திரை விலகி மூடியது. நான் சங்கிலியோடு தொப்பியைத் தொட்டு, “நல்ல மாலைநேரம்” என்றேன்.

“நாய் எங்கே?” என்றாள்.

“வேலிக்குள்.”

“எல்லா நாயும் அப்படித்தான்” என்று சொல்லிவிட்டுப் போனாள். நல்ல மனுஷி.

ரயில்வே கேட்டைக் காட்டினார் முஆத். “ரொம்ப நன்றாக இருக்கிறது” என்றாள். வீட்டைக் காட்டினார், இரண்டு குழாயைக் காட்டினார், மாடியறையைக் காட்டினார். எல்லாவற்றுக்கும் அதே, “ரொம்ப நன்றாக இருக்கிறது.” முஆத் வெளியே வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“பாய், முடிந்தது. நாலு வருஷத்தில், ஒரு பொருள் பிடிக்காதபோது மட்டும்தான் அந்த அம்மாள் இந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.”

பின்பக்கத் தோட்டத்தில் மேசை போட்டிருந்தது. அருணா சொன்னபடி சமையல்காரன் வெள்ளரிக்காயை ரொட்டிக்குள் வைத்து முக்கோணமாக வெட்டிக் கொடுத்திருந்தான். மிசஸ் டிப்பெட் அதில் ஒன்றை எடுத்து, கடித்து, மெதுவாக மென்றாள். முஆத் எதிரே உட்கார்ந்தார். நான் ஏழாம் நம்பர் சமையலறையில், முனியசாமியோடும் ராக்கம்மாவோடும், விதிப்படி திரையை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏ ராக்கு, என்ன செய்யுற? கிண்ணத்தக் கீழ வையி.”

“வயசான மனுசி, அம்புட்டுத் தூரம் வந்து, பச்ச வெள்ளரிக்காயத் திங்கிது. பாத்துக்கிட்டே இருக்கச் சொல்றீகளா?”

“அது அவுக சாப்பாடுடி!”

“அதுக்குப் பேரு சாப்பாடா?”

“பாய், நீங்களாச்சும் சொல்லுங்க. ஒன்னையத்தான் அனுப்பிருவாங்க புள்ள. கையெடுத்துக் கும்புடுறேன்.”

ராக்கம்மா கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. “அனுப்புனா அனுப்பட்டும். பசிச்சவ மொகத்தப் பாத்துட்டுத் தெரைய மூடிட்டு என்னால இருக்கமுடியாது. அப்புடி இருந்து ஒங்ககூட நான் பொழைக்கவேணாம்.”

போய்விட்டாள். ஒரு கிண்ணத்தில் சோறு, ஒரு கிண்ணத்தில் ஷேரி மீன் குழம்பு. மருதாணி வேலிக்கு மேலே இரண்டு கையையும் நீட்டி, “ஆத்தா, இந்தாங்க” என்றாள். முஆத் எழுந்து நின்றார். தோட்டத்து மூலையில் அருணா கண்ணை மூடிக்கொண்டாள்.

மிசஸ் டிப்பெட் கிண்ணத்தை வாங்கி மோந்து பார்த்தாள். வந்து இறங்கியதிலிருந்து அந்த முகத்தில் இல்லாத ஒன்று இப்போது வந்தது.

“அப்பாடா” என்றாள். “உன்னிடமும் ஒரு ஷியாமளா இருக்கிறாளே, முஆத். முதலிலேயே ஏன் சொல்லவில்லை?”

“எந்த ஷியாமளா?”

“என் பக்கத்து வீட்டு ஷியாமளா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். நீ போன கொஞ்ச நாளில் குடிவந்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் வேலிக்கு மேலே கிண்ணம் வரும். நானும் வந்ததிலிருந்து பார்க்கிறேன், கேட் இருக்கிறது, குழாய் இருக்கிறது, சமையல் வாசனை மட்டும் இல்லை. இது என்ன தெரு என்று நினைத்தேன்.”

சொல்லிக்கொண்டே கையை அலம்பினாள். வலது கையால் சோற்றைப் பிசைந்தாள். ஒரு வாய் தின்றாள். பிறகு ராக்கம்மாவை நிமிர்ந்து பார்த்து, சுத்தமான தமிழில், “உறைப்பு இல்லை” என்றாள்.

ராக்கம்மா இடுப்பில் கையை வைத்தாள். “யாரு கொழம்புல உறைப்பு இல்ல? என்னையப் பாத்தா? இருங்காத்தா, வர்றேன்.”

உள்ளே ஓடிவந்து எண்ணெயில் மிளகாய் வற்றலைக் கிள்ளிப் போட்டாள். நாங்கள் மூன்று பேரும் இருமினோம். சுவருக்கு அந்தப்பக்கம் காலியாக இருந்த என் வீட்டிலும் யாரோ இருமியது போலிருந்தது. நாயாக இருக்கலாம்.

மிளகாய் சேர்ந்த குழம்பை மிசஸ் டிப்பெட் கண்ணில் தண்ணீர் வரத் தின்றாள். “இப்போது சரி” என்றாள். முஆத் அதைக் கேட்டும் உட்காரவில்லை.

“நான் இருந்தபோது இப்படி யாரும் எதுவும் கொடுத்ததில்லையே.”

“இல்லை” என்றாள் கிழவி. “அப்போது எங்களுக்கு வெயில் மழை தவிர என்ன பேசுவதென்று தெரியாது. உன் அறையில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். நான் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு பாதிப் படிவரைக்கும் வருவேன். தொந்தரவாக இருக்குமோ என்று திரும்பிவிடுவேன். வெள்ளரிக்காய் ரொட்டிதான், பெரிய இழப்பில்லை.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “வேலியில் ஓட்டை எங்கே?” என்றாள்.

“என்ன ஓட்டை?”

“ஒரு புயலில் எங்கள் வேலிப் பலகை விழுந்தது. நாங்கள் திரும்ப வைக்கவில்லை. நானும் ஷியாமளாவும் அதன் வழியாகத்தான் போய்வருகிறோம். இந்த வயதில் நான் சுற்றிக்கொண்டா போவது?”

முஆத் சமையலறைச் சன்னலில் நின்ற முனியசாமியைப் பார்த்தார். “யல்லா” என்றார். முனியசாமி கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஓடினான். ஆள் நுழைகிற அளவுக்கு அவன் வெட்டி முடித்ததும் மிசஸ் டிப்பெட் எழுந்து, தடியை ஊன்றி, அந்த வழியாக ராக்கம்மாவின் சமையலறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். “இதுதான் என் தெரு” என்று அங்கிருந்தே முஆத்துக்குக் குரல் கொடுத்தாள்.

தெரு தப்பித்தது. ராக்கம்மா இன்னும் தப்பிக்கவில்லை. விசிட் விசா முடியப் போகிறது. மிசஸ் டிப்பெட் விமானமேறிய மறுநாள் அருணா வந்தாள்.

“அக்கா, நீங்க எப்பவும் இங்கேயே இருக்கோணும்னு பாஸ் சொல்லிட்டாரு. பக்கத்து வீடுன்னா இப்படித்தான் இருக்கோணுமாம். கம்பெனி விசா போட்டுறலாம். சமையல்காரின்னு போடட்டுமா?”

“சமையக்காரின்னு போட்டா நான் சமைக்கமாட்டேன்.”

“வீட்டு வேலைன்னு?”

“எவ வீட்டு வேலை? இந்தா பாரு தங்கச்சி. இன்ன கெழமை, இன்ன நேரம், கொழம்பு குடுன்னு ஆர்டர் போட்டா எனக்குக் கொழம்பு வராது. குடுக்கணும்னு தோணுனாக் குடுப்பேன். தோணாட்டி வேலிப் பக்கமே வரமாட்டேன். என்னைய இவரு பொண்டாட்டின்னு போடு. அதுக்கு விசா உண்டா இல்லையா?”

“உண்டுங்க அக்கா. ஆனா அதுக்கு அண்ணன் சம்பளம் பத்தாது. அப்புறம் அவர் பேர்ல ஒரு வீடு இருக்கோணும்.”

முனியசாமி கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

அருணா போய் முஆத்திடம் என்ன சொன்னாளோ தெரியாது. சாயங்காலம் நான் வேலிப் பக்கம் போனபோது ஓட்டைக்கு அந்தப்பக்கம் முஆத் நின்றிருந்தார். கையில் ராக்கம்மாவின் கிண்ணம், கழுவித் துடைத்தது.

“பாய், இதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். வெறும் கிண்ணமாகக் கொடுக்கக்கூடாது என்று மிசஸ் டிப்பெட் சொல்லிவிட்டுப் போனார்கள். அது ஷியாமளா வீட்டுப் பழக்கமாம்.”

“எங்க ஊர்லயும் அப்படித்தான்.”

“என்ன போடுவார்கள்?”

“சீனி, பழம், வீட்ல என்ன இருக்கோ அது.”

“என் வீட்டில் ஒன்றுமே இல்லையே” என்றார். அது உண்மைதான். காலை மடக்கிப் படுக்கிற கட்டில் ஒன்றுதான் இருந்தது. கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே போனார். திரும்பி வந்தவர் ஓட்டை வழியாகக் குனிந்து நுழைந்து ஏழாம் நம்பர் சமையலறைத் திண்டில் கிண்ணத்தை வைத்துவிட்டு, முனியசாமியிடம், “திங்கட்கிழமையிலிருந்து நீ தோட்ட மேற்பார்வை. சம்பளம் அருணா சொல்வாள்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ராக்கம்மா எட்டிப் பார்த்தாள்.

“என்ன பாய் இது, சாவியப் போட்டுக் குடுத்திருக்காரு? நாங்கதான் கதவப் பூட்டுறதே இல்லையே.”

“எடுத்து வச்சுக்கம்மா. வீடு முனியசாமி பேருக்கு வருது. அது இல்லாம உனக்கு விசா அடிக்கமாட்டாங்க.”

முனியசாமி சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

“கூட ஒரு கை சீனியும் போட்டிருக்கலாம்” என்று சொல்லிவிட்டு, ராக்கம்மா கிண்ணத்தை அலமாரியில் கவிழ்த்தாள். “நீங்க என்ன நிக்கிறீக? ஈரத் துண்டு திரும்பவும் கட்டில்லதான் கெடக்கு.”